பதினாலு கேட்டுப் போ

வைரக்கண்ணு வீடு இதுதானே, தங்கச்சி? தேங்காய் மண்டிக்கு எதிர்ச்சந்தில் கடைசி வீடு என்றார்கள். நல்லவேளை, சரியாக வந்துவிட்டேன். இல்லையம்மா, கதவைச் சாத்தாதீர்கள். நான் போலீஸ் இல்லை. பைனான்ஸ் ஆளும் இல்லை. இந்த மதுக்கூரில் எனக்கு ஒரு ஈ காக்காயைக்கூடத் தெரியாது. என் பெயர் ஏகாம்பரம். ஏர்போர்ட்டில் வேலை. ஏர்போர்ட் என்றதும் பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கதவைத் திறந்து மூடுகிற வேலை. அதுவும் இனி உண்டா இல்லையா என்பது உங்கள் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன்.

உள்ளே வரலாமா? வாசலில் நின்று பேசுகிற சங்கதி இல்லை. எதிர்வீட்டு அம்மா முருங்கைக்கீரையை உருவாமல் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள்.

இந்த நாற்காலியா? சரி. தண்ணீர் மட்டும் போதும். கையில் தர வேண்டாம், கீழே வையுங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன். கை நடுங்குகிறது பாருங்கள். குடிப்பழக்கம் என்று நினைக்காதீர்கள். குடித்தால் நின்றுவிடும் என்று ஒருவன் சொன்னான், அதையும் செய்து பார்க்கவில்லை. நெஞ்சுக்கு நேரே கை போய்ப் போய் வருகிறதே, அதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கேதான் என் பாஸ் தொங்கும். கழுத்துப்பட்டையோடு, போட்டோ போட்ட பாஸ். இத்தனை வருஷமாகத் தொங்கியது. அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது இல்லாமல் ஏர்போர்ட் வாசலில் நான் ஒரு நாய். நாயாவது சந்துபொந்தில் உள்ளே போய்விடும்.

பாப்பா ஏன் என் தலைக்கு மேலேயே பார்க்கிறாள்? என் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறதோ என்னவோ. எனக்கே கண்ணாடியில் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள், தங்கச்சி. ஐந்து நிமிஷப் பேச்சுத்தான்.

இல்லையா? ஷார்ஜாவிலா இருக்கிறார்?

சரி. சரி. அப்படித்தான் சொல்லுவீர்கள். உங்கள் இடத்தில் என் வீட்டுக்காரி செங்கமலம் இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாள். புருஷனைத் தேடி முன்பின் தெரியாதவன் வந்தால் எந்தப் பெண்பிள்ளை காட்டிக் கொடுப்பாள்? நான் குறை சொல்லவில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நான் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன். அவர் காதிலும் விழட்டும். சார், நான் உங்களைப் பிடித்துக்கொண்டு போக வரவில்லை சார். கும்பிட வந்திருக்கிறேன்.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

விமானம் தரையைத் தொட்டுவிட்டால் ஊர் வந்துவிட்டது என்று நினைப்போம், இல்லையா? வராது தங்கச்சி. பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்கக் கட்டம் போட்டிருப்பார்கள் அல்லவா, அதுபோல விமானத்துக்கும் நிற்க ஓர் இடம் வேண்டும். அதைத்தான் கேட்டு என்கிறோம். ஒரு நடைபாலம் நீண்டு வந்து விமானத்தின் கதவில் ஒட்டிக்கொள்ளும், மழை வெயில் படாமல் நடந்து உள்ளே வந்துவிடலாம். எங்கள் ஏர்போர்ட்டில் அந்த மாதிரிக் கேட்டு கொஞ்சம்தான். கட்டின காலத்தில் அது தாராளம். இப்போது ஒரு விமானக் கம்பெனி, பெயர் வேண்டாம், தீபாவளிக்கு ஷார்ஜா என்றது, பொங்கலுக்குத் தம்மாம் என்றது, அதற்கப்புறம் பாங்காக், கோலாலம்பூர், இன்னும் வாயில் நுழையாத ஓர் ஊர். ரோடு முழுக்கப் பலகை வைத்தார்கள். 'உலகம் இனி உங்கள் வாசலில்.' எங்கள் சூப்பர்வைசர் பாக்கியநாதன் சார் அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் சொல்வார்: "உலகம் வந்துருச்சு ஏகாம்பரம், வாசல்தான் இல்ல."

நிஜம்தான். இறங்கின விமானம் நிற்க இடமில்லாமல் ஓரமாக நிற்கும். உள்ளே இருப்பவர்கள் பையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார்கள். வெளியே காத்திருக்கிற சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, "எறங்கிட்டோம், ஆனா இன்னும் எறங்கல" என்பார்களாம். கதவு திறந்ததும் அத்தனை கோபமும் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிற என் மேல் விழும். நான் என்னவோ கேட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்த மாதிரி.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பதினாலாம் கேட்டை இரண்டு முகமாக்கினார்கள். நடைபாலம் வந்து முடிகிற இடத்தில் இரண்டு கண்ணாடிக் கதவு. இடதுபக்கக் கதவு உள்நாட்டுக்காரர்களுக்கு. அந்த வழியாகப் போனால் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே தெருவுக்குப் போய்விடலாம். வலதுபக்கக் கதவு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு. அது படியிறங்கி இமிகிரேஷனுக்குப் போகும், பாஸ்போர்ட்டில் சீல் குத்துகிற இடத்துக்கு. கோயம்புத்தூர் விமானம் வந்தால் இடது, ஷார்ஜா விமானம் வந்தால் வலது. ஒன்றைத் திறந்தால் மற்றது பூட்டியிருக்க வேண்டும். ஒரே கேட்டு, காலையில் உள்நாடு, சாயங்காலம் வெளிநாடு. மேலே இருப்பவர்கள் அதற்கு இங்கிலீஷில் ஏதோ ஸ்டைலாகப் பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் வைத்த பெயர் ரெண்டுங்கெட்டான். ரெண்டுங்கெட்டான் கேட்டு. சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

சிரித்தது மற்றவர்கள். அந்தக் கேட்டில் டூட்டி போட்டால் எனக்கு வேறு வேலையே ஓடாது. இடதைப் பூட்டினேனா, வலதைப் பூட்டினேனா என்று போய்ப் போய் இழுத்துப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தாலும் அதே புத்தி. தூக்கத்தில் எழுந்து பாத்ரூம் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பேன். செங்கமலம் படுத்தபடியே சொல்லுவாள்: "அது எந்த நாட்டுக்கும் போகாது, வந்து படுங்க."

அன்றைக்கு நல்ல மழை. மத்தியானம். எங்கள் பக்கம் அன்று பிடித்த மழைதான், இன்னும் விடவில்லை. ஷார்ஜா விமானத்துக்கு ஒன்பதாம் கேட்டு என்று போட்டிருந்தார்கள். அங்கே ஒரு டெல்லி விமானம் மழையில் கிளம்ப முடியாமல் குத்துக்கல்லாக நின்றது. பதினாலில் கோயம்புத்தூர் விமானம் வர வேண்டும். அதற்காக நான்தான் இடதுகதவைத் திறந்து, வலதைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டில் ஒரு பாட்டியம்மாவுக்குச் சக்கரநாற்காலி பிடிக்கப் போயிருந்தேன். அப்போது வாக்கிடாக்கியில் பாக்கியநாதன் சார் குரல். சார் பேசினால் பாதி எழுத்து மழையோடு போய்விடும். "ஏகாம்பரம், பதினாலு கேட்டு போ."

அவ்வளவுதான் தங்கச்சி. அவ்வளவுதான் என் காதில் விழுந்தது.

பதினாலாம் கேட்டுக்குப் போ என்கிறார் என்று ஓடினேன். நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள்? யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள். வாக்கிடாக்கியில் எவன் முழு வார்த்தை பேசுகிறான்? 'கேட்டுக்கு' என்பதில் 'க்கு' எப்போதும் இருக்காது. பன்னிரண்டு கேட்டு வா, ஒன்பது கேட்டு நில்லு, இதுதான் எங்கள் பாஷை. ஆனால் சார் சொன்னது அது இல்லையாம். "பதினாலு, கேட்டுப் போ" என்றாராம். ஷார்ஜா விமானத்தைப் பதினாலுக்குத் திருப்பிவிட்டார்களாம். அதனால் பதினாலில் என்ன விமானம் என்று கேட்டுவிட்டு, அப்புறம் போய்க் கதவை மாற்று என்று அர்த்தமாம். ஒரே ஒரு 'ப்' தங்கச்சி. அந்த 'ப்'பை மழை தின்றுவிட்டது.

நான் ஓடிப் போய் நிற்பதற்கும் நடைபாலம் விமானத்தில் ஒட்டுவதற்கும் சரியாக இருந்தது. கோயம்புத்தூர் ஜனங்கள் என்று நினைத்து, இடதுகதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க வாங்க, பாத்து வாங்க, தரை ஈரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். கம்பளி சுற்றின மூட்டை போகிறது, பால்பவுடர் டப்பா போகிறது. கோயம்புத்தூர்க்காரன் எதற்குக் கம்பளி சுமக்கிறான் என்று ஒரு நொடி தோன்றியது. ஊட்டிக்குப் போய் வந்திருப்பான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒரு பெரியவர் பாஸ்போர்ட்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். "தம்பி, சீல் எங்க குத்துறாங்க?"

அந்த நேரத்தில் என் உடம்பில் ஒன்று நின்றுபோனது. அது திரும்ப ஓடத் தொடங்கினதாக எனக்கு இதுவரை தெரியவில்லை.

கதவைச் சாத்திவிட்டுக் கத்தினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். அதற்குள் ஒரு கும்பல் இடதுபக்கமாக உள்ளே போய்விட்டது. ஆனால் கடவுள் பாதி கண் திறந்தார். போனவர்கள் எல்லோரும் உள்நாட்டுப் பெட்டி வருகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டி வராமல் எவன் போவான்? துபாய், ஷார்ஜா பெட்டி தங்கச்சி, உயிரை விட்டாலும் விடுவான், அதை விடமாட்டான். பெட்டி வேறு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது, இவர்கள் இங்கே காலியாக ஓடுகிற பட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அத்தனை பேரையும் அப்படியே திருப்பி ஓட்டிக்கொண்டு போய்ச் சீல் குத்தினார்கள். எண்ணிப் பார்த்தால் ஒருவர் குறைகிறார்.

உங்கள் வீட்டுக்காரர்தான். பெட்டியே போடாமல் வந்தவர் அவர் ஒருவர்தானாம். கையில் ஒரே ஒரு தோள்பை. பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டிய வேலை இல்லை, நேரே வெளியே நடந்துவிட்டார். கேமராவில் பார்த்தோம். மழைக்குப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறார், முகமே விழவில்லை. எனக்கு அன்றைக்கே அதிசயமாக இருந்தது. இத்தனை காலம் கதவுப்பக்கம் நிற்கிறேன், கல்ஃபிலிருந்து பெட்டி இல்லாமல் வீட்டுக்கு வருகிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை. குழந்தைக்கு ஒரு பொம்மை, மனைவிக்கு ஒரு சென்ட் பாட்டில், தைலம், ஒன்றுமா இருக்காது? உங்களுக்கு என்ன வாங்கி வந்தார்?

ஏன் தங்கச்சி உட்கார்ந்துவிட்டீர்கள்? தரை ஈரமாக இருக்கிறதே.

என்ன? நேற்றுக்கூடப் பேசினாரா? சாயங்காலம் டூட்டி முடிந்து தினம் நெட்டில் கூப்பிடுவாரா? சரி, கூப்பிடட்டும். வீடியோ வரவில்லை, குரல் மட்டும்தானா? அது அங்கே அப்படித்தான் என்று என் மச்சானும் சொல்வான். என்ன சொன்னார்? அங்கேயும் இரண்டு நாளாக நல்ல மழையாமா? பாலைவனத்தில் மழை. காலம் அப்படிக் கெட்டுக் கிடக்கிறது.

பாருங்கள், உங்களை நான் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வந்துவிட்டார். விமானத்தில் ஏறினதற்குப் பெயர் இருக்கிறது, நாற்காலி நம்பர் இருக்கிறது. என் கதவு வழியாகத்தான் வந்தார். என் கண்ணால் பார்த்தேன். ஆயிரம் பேரில் நிறுத்தினாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். அதனால் ஷார்ஜா பேச்சை விட்டுவிடுவோம். அவர் ஷார்ஜாவை விட்டுக் கிளம்பினதற்கு அங்கே சீல் இருக்கிறது. இங்கே வந்ததற்குச் சீல் இல்லை. அந்த ஊர்க் கணக்கிலும் அவர் இல்லை, இந்த ஊர்க் கணக்கிலும் இல்லை. எங்கள் கேட்டு மாதிரியே ஆகிவிட்டார் மனுஷன். சிரிக்கச் சொன்னேன் தங்கச்சி, அழாதீர்கள்.

விசாரணையைச் சொல்கிறேன். வாக்கிடாக்கிப் பேச்செல்லாம் பதிவாகுமாம், எனக்கு அன்றுதான் தெரியும். போட்டுக் காட்டினார்கள். விசாரித்த ஆபீசர் வடக்கத்தி ஆள். கேட்டு போ, கேட்டு போ, கேட்டு போ என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பாக்கியநாதன் சார், "நான் கேட்டுப் போன்னுதான் சொன்னேன், அசிங்கமா இருக்கு ஏகாம்பரம், தமிழ்கூட தெரியாதா உனக்கு" என்கிறார். அங்கே சௌந்தரபாண்டி என்று ஓர் ஏட்டு, நம் தென்பக்கத்து ஆள். அவரைப் பார்த்து ஆபீசர் கேட்டார், இதற்கு என்ன அர்த்தம், போ என்றா, கேள் என்றா? ஏட்டு தலையைச் சொறிந்தார். "ரெண்டும்தான் சார்." ஆபீசர் எங்கள் மூன்று பேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே. இந்தப் பாஷையை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி உயிரோடு இருக்கிறார்கள் என்கிற மாதிரி.

வெளியே வந்ததும் ஏட்டு என் கையில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். எதுவானாலும் கேளுங்க என்றார். போலீஸ்காரர் நம்பர் என்று பார்க்காமலே மேல்பையில் போட்டுக்கொண்டேன். நான் எதற்குக் கேட்கப் போகிறேன்?

என் பாஸைப் பாக்கியநாதன் சார் கழற்றி வாங்கிக்கொண்டார். அப்புறம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இது அந்த ஆபீசரோடு நிற்கிறது, மேலிடத்துக்குப் போகவில்லை, போனால் உனக்கும் எனக்கும் கதை முடிந்தது, நீ திறந்த கதவு, நீயே போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வா, சத்தம் போடாமல் சீல் குத்திக் கணக்கை நேர் பண்ணிவிடுவோம், யாரிடமும் மூச்சு விடாதே. விலாசத்தையும் அவரே கொடுத்தார். அவர் நல்ல மனுஷன்தான். என்னைத் திட்டினாலும் என் பாஸை மேசை டிராயரில்தான் வைத்திருக்கிறார், மேலே அனுப்பிவிடவில்லை.

ஒரு சீல், தங்கச்சி. மைப்பெட்டியில் தொட்டு ஒரு குத்து. அதற்குத்தான் இவ்வளவும். அவரை என்னோடு அனுப்புங்கள். நாளைக்கே திரும்பிவிடலாம்.

பயமாக இருக்கிறதா? எனக்கும்தான். யாரிடமாவது கொட்டினால்தான் சோறு இறங்குகிறது. முந்தாநாள் ஏர்போர்ட் வெளியே டீக்கடையில் ஒரு மனுஷனிடம் இதையெல்லாம் இப்படித்தான் கொட்டினேன். பாஸ் இல்லாமல் நான் உள்ளே போக முடியாது, ஆனாலும் தினம் அங்கே போய் நிற்கிறேன், கால் தானாகப் போகிறது. அந்த மனுஷனும் சில நாளாக அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஏதோ வைத்திருந்தார். இடதுபுருவத்தில் முடி முளைக்காத ஒரு வெட்டு. யாரையோ கூட்டிப் போக வந்தவர் என்று நினைத்து, யாருக்குக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "வர வேண்டிய ஆளு இன்னும் வந்து சேரலைங்க" என்றார். எந்த விமானம் என்றேன். சிரித்தார்.

நீங்கள் கேட்கிற மாதிரிதான் அவரும் கேட்டார், குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல். கடைசியில் மட்டும், "அந்த ஆளு இப்ப தானா திரும்பிப் போயி சீல் குத்திக்க முடியாதாங்க?" என்றார். எனக்கு அன்றைக்கு வயிற்றெரிச்சல். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், இங்கே என் கழுத்து மொட்டையாக நிற்கிறது. அந்த வேகத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். போனால் போன இடம்தான், திருட்டுத்தனமாக நாட்டுக்குள் நுழைந்தவன் என்று உள்ளே தள்ளிவிடுவார்கள், பெண்டாட்டி பிள்ளை மனுப்போட்டுத்தான் முகம் பார்க்க வேண்டும், போட்டோ டிவியில் வரும், என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு எழுந்து என் தோளில் கை வைத்தார். "உங்க வேலை போகாதுங்க" என்றார். அவர் யார் அதைச் சொல்ல? ஆனாலும் எனக்கு அன்று ஒருவாய்ச் சோறு இறங்கியது. நேற்று அந்தப் பெஞ்சில் அவர் இல்லை. நல்ல மனுஷன். வர வேண்டிய ஆள் வந்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சரி தங்கச்சி, நான் கிளம்புகிறேன். பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறேன். அவரிடம் பேசிவிட்டு...

இது யார்?

இந்தச் சுவரில், என் நாற்காலிக்கு மேலே. பாப்பா இவ்வளவு நேரமும் இதையா பார்த்துக்கொண்டிருந்தாள்? இந்தப் போட்டோவில் பாப்பாவைத் தூக்கி வைத்திருப்பது யாரம்மா?

ஒரு நிமிஷம். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

புருவத்தில் அந்த வெட்டு எப்படி வந்தது? சின்ன வயசில் மட்டை விழுந்ததா. தென்னை மட்டை. சரி.

தங்கச்சி, நான் ஒன்று சொல்ல வேண்டும். நான் சொன்னேனே, ஆயிரம் பேரில் அடையாளம் சொல்லுவேன் என்று. பொய். கதவில் நிற்கிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. பையைப் பார்ப்பேன், செருப்பைப் பார்ப்பேன், ஈரத்தைப் பார்ப்பேன். உங்கள் வீட்டுக்காரர் முகத்தை நான் முதல்முதலாகப் பார்த்தது அந்த டீக்கடையில்தான். அவர்தான் இவர். இவரிடம்தான் நான் அதையெல்லாம் சொன்னேன். உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று இவரிடம்தான் சொன்னேன்.

ஆக, நீங்கள் சொன்னது நிஜம். அவர் இங்கே வரவில்லை. திரைக்குப் பின்னால் யாரும் இல்லை. நான் இவ்வளவு நேரமும் சத்தம் போட்டது ஒரு காலி அறையைப் பார்த்து. உங்களுக்கு எதுவும் தெரியாது. அவர் வந்ததையே நான்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பெட்டி இல்லை என்பதையும். ஐயோ, சென்ட் பாட்டில் கேட்டேனே.

வேலை போயிருக்கும். வேறு ஒன்றுமாக இருக்காது தங்கச்சி, வேலைதான் போயிருக்கும். வெறுங்கையோடு வீட்டுக்கு வர வெட்கப்பட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். அப்புறம் பாஸ்போர்ட்டைப் பார்த்திருப்பார், சீல் இல்லை. உள்ளே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார். அப்போது நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேற்று உங்களிடம் பேசும்போது மழை என்றாரே, அது நம் மழைதான்.

இல்லை, இப்போதே கூப்பிட்டு என்ன சொல்வீர்கள்? பொறுங்கள். அவர் எடுத்தால்...

என்ன கேட்டீர்கள்?

வாங்க என்று சொல்லவா, எங்கேயாவது போயிருங்க என்று சொல்லவா என்றா கேட்கிறீர்கள்? வாங்க என்றுதான். வந்துவிடச் சொல்லுங்கள். ஒரு சீல்தான். மைப்பெட்டியில் தொட்டு ஒரே ஒரு...

அவரிடம் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றேன். உங்களிடம் ஒரு சீல்தான் என்கிறேன். ஆமாம். இரண்டும் நான்தான் சொன்னேன். ஒரே வாய்தான். எது நிஜம் என்றால்... பாக்கியநாதன் சார் சொன்னார், சத்தம் போடாமல் நேர் பண்ணிவிடலாம் என்று. அந்த ஆபீசரா? ஆபீசர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் பாஷை எனக்கு வராது.

கேட்டுட்டுத்தான் வந்தீங்களா, என்கிறீர்கள்.

இல்லை தங்கச்சி. கேட்கவில்லை. போ என்றார்கள், வந்துவிட்டேன்.

முறைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாது. கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? அந்த ஏட்டுக்கு ஒரு போன் போட்டால், இப்படி ஓர் ஆள், தெரியாமல் வெளியே வந்துவிட்டார், தானாகத் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் வாயைத் திறந்தால், அதோடு இது மேலே போய்விடும். சத்தம் போடாதே என்றவரிடம் சத்தம் போட்டதாகிவிடும். டிராயரில் இருக்கிற பாஸ் அதோடு டிராயரில் இருக்காது. எனக்கு வேறு வேலை தெரியாது. இந்த வயசில் எவன் எனக்கு இன்னொரு கதவு கொடுப்பான்? நீங்களும் பாப்பாவும் இப்படிப் பார்த்தால் நான் என்ன செய்வது?

சாயங்காலம் எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்? விளக்கு வைக்கிற நேரமா.

உங்க வேலை போகாதுங்க, என்றார். தோளில் கை வைத்தார் தங்கச்சி. நான் அவரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது.

அந்த ஏட்டு நம்பரை எங்கே வைத்தேன்? மேல்பையில்தான் இருக்கும். பாப்பா, இது ஏழா ஒன்றா, பார்த்துச் சொல்லு கண்ணு. மழையில் ஊறிவிட்டது. ஏழா? நல்லாப் பார்த்தாயா? சரி.

இங்கே சிக்னல் இல்லை போலிருக்கிறதே. வாசலுக்குப் போனால்தான் கிடைக்குமா? எதிர்வீட்டு அம்மா இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்கள். நிற்கட்டும். இந்தச் சொம்பைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு கையாலும் போனைப் பிடித்தால்தான் எனக்கு நம்பர் அழுத்த வரும். கதவைச் சாத்த வேண்டாம் தங்கச்சி, திறந்தே இருக்கட்டும்.

கேட்டுவிட்டு வருகிறேன்.